ஆணி குத்தினதும் ஓடிப்போய் போடுகிறோமே, அந்த டிடி ஊசியின் வரலாறு

1/
துருப்பிடித்த ஆணி குத்தினால் டிடி ஊசி போடணும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரிந்த மருத்துவ விதி இது. இதற்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கு. நோய் துருவால் வருது. ஊசி போட்டால் செப்டிக் ஆகாது. அடிபட்ட பிறகு போட்டால் போதும். மூன்றுமே முழு உண்மை இல்லை. இவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள 140 வருடக் கதை ஒன்றைச் சொல்லணும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படியுங்கள், வீட்டில் ஒருவருக்காவது பயன்படும்.

2/
முதலில் நோய். டெட்டனஸ். தமிழ்நாட்டில் ரண ஜன்னி என்போம், இலங்கையில் ஏற்பு வலி என்பார்கள். காயம் பட்டு சில நாட்கள் கழித்து, பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள், தாடை இறுகும். வாயைத் திறக்க முடியாது. பிறகு கழுத்து, வயிறு, முதுகு. உடம்பு வில் மாதிரி பின்னால் வளையும். கதவு சாத்துகிற சத்தம், விளக்கு வெளிச்சம், ஒரு தொடுதல் கூட அடுத்த இழுப்பைக் கொண்டுவரும். இவ்வளவும் நடக்கும்போது நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும். அதுதான் இந்த நோயின் பெரிய கொடுமை.

3/
மனிதர்களுக்கு ரொம்பப் பழைய நோய் இது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் காலத்துக் குறிப்புகளிலேயே இருக்கு. டெட்டனஸ் என்ற சொல்லுக்கே 'இழுத்து இறுகியது' என்று பொருள். நம்ம பக்கம் ஆயுர்வேதம் இதைத் தனுர்வாதம் என்றது. தனுசு என்றால் வில். உடம்பு வளைவதைப் பார்த்து வைத்த பெயர். பெயர் வைக்கத் தெரிந்தது, ஆனால் காரணம் 19-ம் நூற்றாண்டின் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

4/
1842 ஜனவரி. அமெரிக்காவில் ஜான் தோரோ என்பவர் சவரக்கத்தியைத் தீட்டும்போது விரல் நுனியை லேசாக வெட்டிக்கொண்டார். சின்ன காயம். பத்து, பதினோரு நாட்களில் தாடை இறுகி இறந்தார். காந்தியடிகள் விரும்பிப் படித்த ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் இவர்.

1869-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங், பாலத்துக்கு இடம் அளக்கும்போது படகுத்துறையில் கால் நசுங்கி, சில வாரங்களில் இதே நோயால் இறந்தார். ஒருவருக்கு சவரக்கத்தி, இன்னொருவருக்குப் படகு. ரெண்டு பேர் கதையிலும் துருப்பிடித்த ஆணி இல்லை.

5/
அந்தக் கால மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள்? காயத்தில் நரம்பு அடிபட்டு, அந்த எரிச்சல் முதுகுத்தண்டு வரை ஏறுகிறது என்று. 1884-ல் இத்தாலியின் டூரின் நகரில் கார்லே, ரட்டோனே என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். டெட்டனஸால் இறந்தவரின் காயத்துச் சீழை எடுத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்களுக்கும் அதே நோய் வந்தது. அப்படியானால் காயத்துக்குள் ஏதோ ஒன்று இருக்கு. அது எங்கிருந்து வருது?

6/
அதே 1884. ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் ஆர்தர் நிக்கோலயர் என்ற இளம் மருத்துவர் யாரும் எதிர்பார்க்காத ஒரு சோதனை செய்தார். நோயாளியைத் தேடிப் போகவில்லை. வெறும் மண்ணை எடுத்தார். அதை விலங்குகளின் தோலுக்கு அடியில் வைத்தார். அவற்றுக்கு டெட்டனஸ் வந்தது. பதில் காலடியிலேயே கிடந்திருக்கு.

7/
1889-ல் பெர்லினில், ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் இருந்த ஜப்பானிய மருத்துவர் கிட்டசாட்டோ அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுவரை பலர் முயன்றும், கூடவே வேறு கிருமிகளும் கலந்து வளர்ந்துகொண்டே இருந்தன. கிட்டசாட்டோ அந்தக் கலவையைச் சூடாக்கினார். மற்றவை செத்தன, இது மட்டும் பிழைத்தது. பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்தார். செழித்து வளர்ந்தது. இந்த ரெண்டு குணத்தையும் மனதில் வையுங்கள்: சூட்டுக்குச் சாகாது, காற்று பட்டால் வளராது.

8/
கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி. நிலைமை சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஒரு கடினமான ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி உறங்கும். இதற்கு ஸ்போர் என்று பெயர். மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மாடு, குதிரை, ஆடு, மனிதன் என எல்லோர் குடலிலும் இருக்கலாம், அதனால் சாணத்திலும் இருக்கும். ஆழமான காயம், நசுங்கிச் செத்த சதை, உள்ளே தங்கிய முள் மாதிரி காற்று போகாத இடம் கிடைத்தால் விதை முளைக்கும்.

9/
இப்போ துருவுக்கு வருவோம். துரு என்பது இரும்பு ஆக்சைடு. அதில் நோய் இல்லை. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் எங்கே கிடக்கும்? மண்ணில், மாட்டுக்கொட்டகையில், இடிந்த கட்டிடத்தில். அதன் சொரசொரப்பில் மண் ஒட்டும். குத்தினால் சின்ன வாய், ஆழமான காயம். காற்று போகாது. அதனால் ஆணி ஆபத்துதான், ஆனால் துரு ஒரு அடையாளம் மட்டும். பளபளக்கும் புது மண்வெட்டி, கருவேல முள், மூங்கில் சிலாம்பு, ரோட்டில் விழுந்த சிராய்ப்பு எல்லாமே அதே வேலையைச் செய்யும். 'துரு இல்லையே டாக்டர்' என்று ஊசியைத் தவிர்க்காதீர்கள்.

10/
அடுத்து செப்டிக். டிடி ஊசிக்கு நம்ம ஊரில் 'செப்டிக் ஊசி' என்றே ஒரு பெயர் உண்டு. காயம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிப்பது வேறு பாக்டீரியாக்களின் வேலை. அதை இந்த ஊசி தடுக்காது. தலைகீழாகவும் நடக்கும்: பார்க்க ஆறிப்போன, சீழே இல்லாத ஒரு சின்ன முள் காயத்திலிருந்தும் டெட்டனஸ் வரலாம். ஆகவே ஊசி போட்டாச்சு என்று காயத்தைக் கவனிக்காமல் விடுவதும் தப்பு, காயம் ஆறிடுச்சு என்று ஊசியை விடுவதும் தப்பு.

11/
மண் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தியா ஒரு கொடுமையான பாடமாகக் கற்றது. 1902, பிளேக் நோய் நாட்டையே உலுக்கிய காலம். வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயில் பிளேக் தடுப்பூசி உருவாக்கியிருந்தார். 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டவர். அந்தத் தடுப்பூசி பஞ்சாபில் ஊர் ஊராகப் போடப்பட்டது.

12/
1902 அக்டோபர் 30. முல்கோவால் கிராமம், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். சில நாட்களில் 19 பேருக்கு டெட்டனஸ் வந்தது. 19 பேரும் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து மருந்து போயிருந்தது. மற்ற பாட்டில்களில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

13/
பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. ஆய்வகத்திலேயே மருந்து கெட்டுவிட்டது என்று விசாரணைக் குழு கருதியது. அவர் பொறுப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். ஆனால் சாட்சியங்களுக்குள் ஒரு சின்ன விவரம் கிடந்தது. அன்று காலை அந்த பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமலேயே எடுத்து மூடியைத் திறந்திருந்தார்கள்.

14/
மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட பத்து விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் டைம்ஸ் இதழில் ஹாஃப்கினுக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்த வருடமே பழி நீங்கி, மறுபடியும் இந்தியாவுக்கு, கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தார். 1925-ல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஆனால் ஐந்து வருடம் போனது போனதுதான். ஒரு இடுக்கியின் நுனியில் ஒட்டிய மண், 19 உயிர்கள். துருவும் இல்லை, பெரிய காயமும் இல்லை.

15/
அப்படி என்ன விஷம்? கிருமி காயத்திலேயே தங்கிவிடும். அது சுரக்கும் நஞ்சுதான் பயணம் போகும். தசையில் முடியும் நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பு வழியாகவே மேலேறி, முதுகுத்தண்டை அடையும். அங்கே தசைகளுக்கு 'போதும், தளர்ந்து போ' என்று சொல்கிற நரம்புகள் இருக்கு. நம்ம உடம்பின் பிரேக் என்று வையுங்கள். நஞ்சு பிரேக் ஒயரை அறுத்துவிடும். பிறகு எல்லாத் தசையும் ஆக்சிலேட்டர்தான். மூச்சு விடும் தசையும் சேர்த்து.

16/
அளவு? உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் இரண்டரை நானோகிராம் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம். இன்னொரு முக்கியமான விஷயம்: நரம்புக்குள் புகுந்து ஒட்டிக்கொண்ட நஞ்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே இந்த நோயில் எல்லாமே நேரக் கணக்கு. நஞ்சு நரம்பைத் தொடுவதற்கு முன்னால் அதைப் பிடிக்க ஆள் தயாராக இருக்கணும்.

17/
அந்த ஆளைக் கண்டுபிடித்தது 1890-ல். கிட்டசாட்டோவும் எமில் பெரிங்கும் விலங்குகளுக்கு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். அப்படிப் பழகிய விலங்கின் ரத்தத்தில் நஞ்சை முறிக்கும் ஒரு பொருள் உருவானது. அந்த ரத்தத்தின் சீரத்தை இன்னொரு விலங்குக்குக் கொடுத்தால் அதுவும் தப்பித்தது. இதுதான் எதிர்நஞ்சு. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் இந்த வழியில் நடந்த வேலைக்குத்தான் வந்தது. பெரிங்குக்கு மட்டும். கிட்டசாட்டோவுக்குக் கிடைக்கவில்லை.

18/
மனிதர்களுக்கு எதிர்நஞ்சு நிறைய வேணும். அதற்குக் குதிரையைப் பிடித்தார்கள். பெரிய உடம்பு, நிறைய ரத்தம். குதிரைச் சீரம் தயாரானது. அதற்கு ஒரு பெரிய பரீட்சை 1914-ல் வந்தது: முதல் உலகப் போர்.

19/
பிரான்ஸ், பெல்ஜியம் வயல்கள். நூற்றாண்டுகளாகக் குதிரைச் சாணமும் மாட்டுச் சாணமும் போட்டு உழுத மண். அதில் பதுங்குகுழி வெட்டி, அந்தச் சேற்றிலேயே வீரர்கள் கிடந்தார்கள். குண்டுச் சிதறல் துணியையும் மண்ணையும் சேர்த்துச் சதைக்குள் தள்ளியது. 1914 செப்டம்பரில் காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆயிரத்துக்கு 8, 9 பேருக்கு டெட்டனஸ். காயம் பட்ட எல்லோருக்கும் உடனே குதிரைச் சீரம் என்று வழக்கமாக்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அது ஆயிரத்துக்கு ரெண்டுக்கும் கீழே இறங்கியது.

20/
கவனிங்க. 'அடிபட்டதா? உடனே ஊசி' என்ற பழக்கம் ஊர் உலகத்துக்கெல்லாம் பரவியது இந்தக் குதிரைச் சீரத்தோடுதான். அந்த ஊசிக்கு அந்தப் பழக்கம் ரொம்பச் சரி. ஏன்னா அதில் இருந்தது தயாராக இருக்கும் எதிர்நஞ்சு. போட்ட உடனே வேலை செய்யும்.

21/
ஆனால் அது கடன் வாங்கிய பாதுகாப்பு. ரெண்டு, மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த காயத்துக்கு மறுபடியும் கடன். குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை, அரிப்பு, காய்ச்சல், மூட்டுவலி, அபூர்வமாக மரணம் கூட. முதலில் தோலுக்கடியில் துளி போட்டு டெஸ்ட் பண்ணி, பிறகுதான் முழு ஊசி. 'ஏ.டி.எஸ்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது இதுதான்.

22/
கடனை சொந்தச் சம்பாத்தியமாக மாற்றியவர் ஒரு கால்நடை மருத்துவர். பெயர் காஸ்டன் ரமோன். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் குதிரை லாயத்தில் சீரம் தயாரிக்கும் வேலை. நஞ்சில் வேறு கிருமி வளராமல் இருக்க ஃபார்மலின் சேர்ப்பார். 1923 வாக்கில் ஒன்றைக் கவனித்தார். ஃபார்மலின் சேர்த்து மிதமான சூட்டில் சில வாரம் வைத்த நஞ்சு, விஷத்தன்மையை இழந்துவிடுகிறது. ஆனால் உடம்பு அதைப் பார்த்ததும் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. பல்லைப் பிடுங்கிய பாம்பைக் காட்டி, பாம்பு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுப்பது மாதிரி.

23/
இதற்குப் பெயர் டாக்சாய்டு. முதலில் டிப்தீரியாவுக்கு, அடுத்து டெட்டனஸுக்கு. டெட்டனஸ் டாக்சாய்டு என்ற ரெண்டு வார்த்தையின் முதல் எழுத்துகள்தான் நம்ம 'டிடி'. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த இந்தக் கண்டுபிடிப்புக்காக ரமோனின் பெயர் நோபல் பரிசுக்கு 155 முறை முன்மொழியப்பட்டது. ஒரு தடவை கூடக் கொடுக்கவில்லை.

24/
இப்போ முடிச்சு எங்கே விழுந்தது என்று பாருங்கள். ஊசி மாறிவிட்டது. பழக்கம் மாறவில்லை.

குதிரைச் சீரம் காயத்துக்குப் பின்னால் போட வேண்டிய ஊசி. டாக்சாய்டு காயத்துக்கு முன்னாலேயே உடம்பைப் பழக்கி வைக்கும் ஊசி. முதல் முறை போடும்போது உடம்பு பாடம் படிக்க ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு டோஸில் முழுசாகப் படிக்காது. வாழ்நாளில் ஒரு டிடியும் போடாதவர் ஆணி குத்திய அன்று ஒரே ஒரு டிடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அந்தக் காயத்துக்கு அது பெரும்பாலும் லேட்.

25/
'அப்போ நாங்க அடிபட்டுப் போடுறதெல்லாம் வீணா?' இல்லீங்க. சின்ன வயதில் ஒழுங்காகப் போட்டவருக்கு உடம்பில் பாடம் ஏற்கெனவே இருக்கு. அடிபட்ட அன்று போடுவது அந்தப் பாடத்தை ஞாபகப்படுத்தும் பூஸ்டர். சில நாட்களிலேயே எதிர்ப்பொருள் மேலே ஏறும். பழைய பாடம் இருந்தால்தான் இந்த ஓட்டம் பலன் தரும்.

26/
முன்னாலேயே போடுவதன் பலனை அடுத்த போர் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அனைவருக்கும் டாக்சாய்டு போடப்பட்டது. காயம், விபத்து என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கணக்கு 27 லட்சத்துக்கும் மேல். டெட்டனஸ் வந்தது 12 பேருக்கு. ஆமாம், பன்னிரண்டே பேர். அதிலும் பாதிப் பேர் ஊசி போடாதவர்கள்.

27/
1945-ல் பிலிப்பைன்ஸின் மணிலா நகரில் ஒரு மாதம் தெருத்தெருவாகச் சண்டை. ஒரே மண், ஒரே குண்டு. ஊசி போட்ட படையினரை டெட்டனஸ் கிட்டத்தட்ட தொடவே இல்லை. ஊசி போடாத நகரத்து மக்களில் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது, அவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்பிட்டுக் காட்ட முடியாது.

28/
போர்க்களத்தை விடப் பல மடங்கு அதிகமாக இந்த நோய் கொன்றது பிரசவ அறையில்தான். தொப்புள்கொடியும் ஒரு காயமே. சுத்தமில்லாத பிளேடு, அரிவாள், வெட்டிய இடத்தில் சாம்பல், சாணம். பிறந்து ரெண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு வாயைத் திறக்காது. பல நாடுகளில் இதற்கு 'ஏழாம் நாள் நோய்', 'எட்டாம் நாள் நோய்' என்றே பெயர். 1988-ல் மட்டும் உலகில் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

29/
பிறந்த குழந்தைக்கு ஊசி போட்டுப் பாடம் நடத்த நேரம் இல்லை. அதனால் தாய்க்குப் போட்டார்கள். 1960-களில் நியூ கினியிலும் கொலம்பியாவிலும் நடந்த ஆய்வுகள் இது வேலை செய்யும் என்று நிரூபித்தன. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், முதல் சில மாதங்களுக்கு காவல் நிற்கும். கூடவே 'ஐந்து சுத்தம்': கை, பிரசவ இடம், பிளேடு, கட்டும் நூல், தொப்புள். இந்தியாவில் பச்சிளம் குழந்தை டெட்டனஸ் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 2015-ல் அறிவிக்கப்பட்டது. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்து செய்த சாதனை இது.

30/
அப்போ நோய் ஒழிந்ததா? இல்லை, ஒழியாது. பெரியம்மை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது, எல்லோருக்கும் போட்டதும் அதற்குப் போக இடமில்லை. டெட்டனஸ் மண்ணில் இருக்கு. மண்ணுக்குத் தடுப்பூசி போட முடியாது. இன்னொன்று, 'ஊரே போட்டிருக்கு, நான் போடாட்டா என்ன' என்பது இங்கே செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசி உங்களைக் காக்காது. நோய் வந்து பிழைத்தவருக்குக் கூட எதிர்ப்பு சக்தி வராது, அவ்வளவு குறைந்த நஞ்சே ஆளைச் சாய்த்துவிடுகிறது. அவருக்கும் ஊசி போட்டே ஆகணும்.

31/
இனி இந்த இழையின் முக்கியமான இடம். 1985-ல்தான் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் தொடங்கி, படிப்படியாக மாவட்டங்களுக்குப் போனது. அதற்கு முன் பிறந்தவர்களில் பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் டிடி கிடைத்துவிட்டது. ஆண்களுக்கு? வயலில் இறங்கும் அப்பா, தோட்டத்தில் களை எடுக்கும் தாத்தா, கட்டிட வேலை பார்க்கும் மாமா. மண்ணோடு அதிகம் புழங்குகிற இவர்களில் பலர் முழுசாக மூன்று டோஸ் போட்டிருக்கவே மாட்டார்கள்.

32/
அவர்களுக்கு வழி எளிது. இன்று ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒன்று. பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டர். அடிபடும் வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருந்து காலில் புண் உள்ளவர்கள் முதலில் போடுங்கள், அந்தப் புண்ணும் மண்ணைத் தொடுகிற காயம்தான்.

33/
குழந்தைகளுக்கு அரசு அட்டவணை: 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட். அதற்குள் டெட்டனஸும் இருக்கு. 16 முதல் 24 மாதத்தில் ஒரு டி.பி.டி, 5 - 6 வயதில் இன்னொன்று. பிறகு 10 வயது, 16 வயது. கடைசி ரெண்டைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று. மூன்று வருடத்துக்குள் முந்தைய கர்ப்பத்தில் ரெண்டும் போட்டிருந்தால் ஒரு பூஸ்டர் போதும்.

ஒரு குறிப்பு: 2019 முதல் அரசுத் திட்டத்தில் டெட்டனஸோடு டிப்தீரியாவும் சேர்ந்த ஊசி வந்துவிட்டது. தமிழில் எழுதினால் பழசும் 'டிடி', புதுசும் 'டிடி' என்பதால் குழப்பம் வேண்டாம். புதுசு ரெண்டு நோயைத் தடுக்கும்.

34/
இனி அடிபட்டால் என்ன செய்யணும்.

முதல் வேலை ஊசி இல்லை, குழாய். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். மண், முள், துணி நூல் எதுவும் உள்ளே தங்கக் கூடாது. ஆழமாக இருந்தால் மருத்துவர் திறந்து சுத்தம் செய்து, செத்த சதையை நீக்குவார். கிருமிக்குக் காற்றில்லாத வீடு கட்டிக் கொடுக்காமல் இருப்பதுதான் இதன் நோக்கம். காப்பித்தூள், மண், சாணம், சாம்பல் எதையும் அப்பாதீர்கள்.

35/
அடுத்து ஒரே ஒரு கேள்வி: மூன்று டோஸாவது முழுசாகப் போட்டவரா, கடைசி ஊசி எப்போது?

முழுசாகப் போட்டவர், சுத்தமான சின்ன காயம்: கடைசி ஊசி போட்டு பத்து வருடம் ஆகியிருந்தால் ஒரு பூஸ்டர்.

முழுசாகப் போட்டவர், மண், சாணம் பட்ட அல்லது ஆழமான, நசுங்கிய காயம், தீக்காயம்: ஐந்து வருடம் ஆகியிருந்தால் பூஸ்டர்.

போடாதவர் அல்லது தெரியாதவர், எந்தக் காயமானாலும்: ஊசியைத் தொடங்கணும், மீதி டோஸ்களையும் முடிக்கணும். காயம் அழுக்கானது என்றால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற தயார் நிலை எதிர்நஞ்சும் வேணும். பழைய குதிரைச் சீரத்தின் வேலையை இன்று மனித ரத்தத்திலிருந்து எடுத்த இந்த மருந்து செய்கிறது.

36/
'ஆறு மாசத்துக்கு ஒருமுறை டிடி' என்று ஒரு கணக்கு ஊரில் ஓடுது. அது தேவையில்லை. முழுசாகப் போட்டவருக்குப் பாதுகாப்பு வருஷக்கணக்கில் நிற்கும். அடிக்கடி போட்டால் போட்ட இடத்தில் வீக்கமும் வலியும்தான் அதிகமாகும். ஒருவர் பத்து தடவை போட்டுக்கொள்வதும், அவர் வீட்டிலேயே இன்னொருவர் ஒரு தடவை கூடப் போடாமல் இருப்பதும்தான் நம்ம ஊர் நிலைமை.

37/
ஆகவே இன்று ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஆண் யாராவது இருந்தால், 'கடைசியா டிடி எப்போ போட்டீங்க, மொத்தம் எத்தனை போட்டிருக்கீங்க?' என்று கேளுங்கள். 'ஞாபகம் இல்லை' என்றால், போடவில்லை என்றே கணக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் மருத்துவரிடமோ அழைத்துப் போய் முதல் டோஸைப் போடுங்கள். தேதியை மறக்காமல் போனில் குறித்து வையுங்கள், நான்கு வாரத்தில் அடுத்தது இருக்கு.